ஒரு டன் என்றால் எத்தனை கிலோ?

போன சித்திரையில் கும்பகோணத்தில் ஒரு வீட்டு மாடியறையில் ஏசி மாட்டினேன். அவுட்டோர் பெட்டியை நானும் உதவிக்கு வந்த பையனும் மூச்சு வாங்க மாடிப்படியில் ஏற்றியதை அந்த வீட்டுப் பெரியவர் ஈசிசேரில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தார். வேலை முடிந்து காபி வந்ததும் கேட்டார். "தம்பி, ஒன்றரை டன்னுன்னு பில்லுல போட்டிருக்கு. ரெண்டே பேரு தூக்கிட்டு வந்துட்டீங்க. ஒன்றரை டன்ன ரெண்டு பேரு தூக்க முடியுமா?"

இருபது வருஷத்துக்கு மேல் இந்தத் தொழிலில் இருக்கிறேன். இதே கேள்வியை எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். "அது கம்பெனிக்காரன் வச்ச அளவு சார்" என்று சொல்லிவிட்டு ஸ்பேனரை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவேன். அன்றைக்குக் காபி நன்றாக இருந்தது, வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

அது ஐஸ் கணக்கு. குளிரூட்டும் மெஷின் வருவதற்கு முன்னால் அமெரிக்காவில் ஐஸ் பாளத்தை வாங்கி வைத்துத்தான் பொருளைக் கெடாமல் காத்தார்கள். மெஷின் வந்தபோது, இது எத்தனை ஐஸுக்குச் சமம் என்றுதானே கேட்பான் வாங்குகிறவன்? அதனால் அளவும் அப்படியே நின்றுவிட்டது. ஒரு டன் ஐஸ் 24 மணி நேரத்தில் உருகினால் எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ அதுதான் ஒரு டன் ஏசி. அவர்கள் டன் நம் டன்னைவிடக் கொஞ்சம் சின்னது, 2,000 பவுண்டு, அதாவது 907 கிலோ. இன்றைய கணக்கில் மூன்றரை கிலோவாட். பெரியவர் வீட்டு ஒன்றரை டன் மெஷின் ஒரு நாள் முழுக்க மூச்சுவிடாமல் ஓடினால் கிட்டத்தட்ட 1,360 கிலோ ஐஸை உருக்கும் அளவு வெப்பத்தை அறையிலிருந்து அள்ளி வெளியே கொட்டும்.

இதில் ஒன்றைக் கவனிக்கவேண்டும் என்று சொன்னேன். கணக்கில் இருப்பது 0 டிகிரி ஐஸ் 0 டிகிரி தண்ணீராக மாறுவது மட்டும். அத்தனை வெப்பம் உள்ளே போயும் தெர்மாமீட்டர் முள் அசையாது.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "சூடு உள்ள போவுதுங்கிற. ஆனா சூடு ஏறலங்கிற. அப்ப போன சூடு எங்கதான் போச்சு?"

நான் பன்னிரண்டு வயதில் நெல் அண்டாவுக்கு முன்னால் நின்று கேட்ட கேள்வி அது. வேறு வார்த்தையில் கேட்டேன், அடியும் வாங்கினேன்.

எங்கள் ஊர் அரசலாற்றங்கரையில். நான் சின்னப் பையனாக இருந்தபோது வீட்டுக்கு வேண்டிய நெல்லை வீட்டிலேயே அவிப்பார்கள். கொல்லையில் கோட்டை அடுப்பு, அதன்மேல் அப்பாயியின் பெரிய அண்டா. முதல் நாள் சாயங்காலம் நெல்லும் தண்ணீருமாகச் சூடு பண்ணி அப்படியே ஊற விட்டுவிடுவார்கள். விடியற்காலையில் எழுந்தால் வீடு முழுக்கப் புளித்த வாடை. அந்தத் தண்ணீரை வடித்துவிட்டு, அண்டாவின் அடியில் இரண்டு குடம் தண்ணீர் மட்டும் விட்டு, மேலே ஊறின நெல்லைக் குவித்து, ஈரச் சாக்கைப் போட்டு மூடி, தென்னை மட்டையும் கருவமுள்ளும் வைத்து எரிப்பார்கள். எரிப்பது என் வேலை.

எனக்கு அவசரம். தெருவில் பம்பரம் விளையாடப் பசங்கள் காத்திருப்பார்கள். மட்டையை மேலும் மேலும் திணிப்பேன். அடியில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கிற சத்தம் கேட்கும், ஆனால் மேலே சாக்கைத் தொட்டால் சில்லென்று இருக்கும். இன்னும் இரண்டு மட்டை. அப்பாயி வந்து பார்த்தால் முதுகில் ஒன்று விழும். "வெறகு என்ன ஓசியிலயா வருது? கொதிக்கிற தண்ணி அதுக்கு மேல என்னத்தடா கொதிக்கும்?"

அப்பாயிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அவள் சொன்ன அந்த ஒற்றை வாக்கியத்தைத்தான் பிற்பாடு பள்ளிக்கூடத்தில் ஒரு முழுப் பாடமாக நடத்தினார்கள். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்க ஆரம்பித்தால், கடைசிச் சொட்டு ஆவியாகும் வரை 100 டிகிரிதான். அடுப்பை எவ்வளவு எரித்தாலும் ஆவி வேகமாகக் கிளம்புமே தவிர, சூடு ஏறாது. நிற்கும் அந்த நேரத்தில் உள்ளே போகிற வெப்பம் கொஞ்சநஞ்சம் இல்லை. ஒரு கிராம் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100க்குக் கொண்டுபோக 70 கலோரி போதும். அதே ஒரு கிராமை ஆவியாக்க 540 கலோரி வேண்டும். ஏழு மடங்குக்கும் மேலே! அத்தனையும் தெர்மாமீட்டருக்குத் தெரியாமல் போகிறது. ஒன்றையொன்று இறுகப் பிடித்திருக்கும் தண்ணீர்த் துகள்களைப் பிரித்துத் தனித்தனியாக அனுப்புவதற்கான செலவு அது.

பாடப்புத்தகத்தில் இதற்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர். யார் வைத்தார்களோ, கை கொடுக்கவேண்டும். சங்கப் பாட்டில் உள்ளுறை உவமம் என்று ஒன்று உண்டு. மேலே பார்த்தால் எருமை குவளை மேய்கிறது, மீன் துள்ளுகிறது என்று இருக்கும். உள்ளே தலைவன் பரத்தை வீட்டுக்குப் போன கதை ஓடும். வார்த்தையில் தெரியாது, ஆனால் அங்கேயேதான் இருக்கும். எங்கள் தமிழ் ஐயாவும் அறிவியல் வாத்தியாரும் அடுத்தடுத்த வகுப்பில் இந்த இரண்டையும் நடத்தினார்கள். ஒருவரும் அந்தப் பக்கம் கையைக் காட்டவில்லை. வெப்பத்துக்கும் வெப்பநிலைக்கும் வேறுபாடு எழுதச் சொன்னார்கள், எழுதினேன், மார்க்கும் போட்டார்கள். வீட்டுக்கு வந்தால் எல்லாமே 'சூடு'தான். அடுப்புச் சூடு, வெயில் சூடு, காய்ச்சல் சூடு, மாம்பழம் தின்றால் வருகிற சூடு. ஒரே சொல்லில் எல்லாம் நடக்கிற ஊரில் பையன் குழம்பாமல் என்ன செய்வான்?

அப்பாயி சாக்கின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பது எதற்கு என்று இப்போது தெரியும். அடியில் கிளம்பும் ஆவி நேராக மேலே வந்துவிடாது. முதலில் எந்தக் குளிர்ந்த நெல்லைத் தொடுகிறதோ அதன்மேல் படிந்து மறுபடி தண்ணீராகிவிடும். ஆகும்போது, சுமந்து வந்த 540 கலோரியையும் அந்த இடத்திலேயே இறக்கிவிடும். அந்த வரிசை நெல் முழுக்கச் சூடான பிறகுதான் ஆவி அடுத்த வரிசைக்கு ஏற முடியும். அதனால் அண்டாவுக்குள் ஒரு எல்லைக்கோடு மெல்ல மேலே நகர்ந்துகொண்டிருக்கும். கோட்டுக்குக் கீழே வெந்த நெல், மேலே பச்சை நெல். இரண்டு குடம் தண்ணீரை வைத்து அத்தனை நெல்லையும் அவிக்க முடிவது இதனால்தான். முக்கால் அண்டா தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்தால் நெல் குழைந்து கஞ்சியாகும், விறகும் இரட்டிப்பாகும்.

அரிசிக்குள் இருக்கும் மாவுப்பொருள் 70 டிகிரி வாக்கில் இளகிப் பசையாகி, ஆறியதும் இறுகிக்கொள்ளும். களத்து வெயிலில் விழுந்த கீறலெல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். அதனால் புழுங்கலைக் குத்தினால் நொய் குறைவு.

அந்த ஆவி என் மணிக்கட்டிலும் ஒரு தடவை படிந்தது. அப்பாயி இல்லாத நேரத்தில் சாக்கைச் சட்டென்று தூக்கிப் பார்த்தேன். அதற்கு முன்னால் கொதிக்கிற தண்ணீர் கையில் தெறித்து, ஊதிவிட்டுப் போயிருக்கிறேன். இது வேறு மாதிரி. இரண்டும் அதே 100 டிகிரிதான், ஆனால் ஆவி தோலில் படிந்து தண்ணீராகும்போது மூட்டையை முழுசாக இறக்கிவிட்டுத்தான் போகும். தோல் வழன்று வந்துவிட்டது. தழும்பு இன்னும் இருக்கிறது. பெரியவரிடம் சட்டைக்கையை மடித்துக் காட்டினேன். "போன சூடு எங்கன்னு கேட்டீங்களே, அது தண்ணிக்குள்ளதான் இருக்கு. திருப்பி வாங்கினா இப்படி இருக்கும்."

இதை முதலில் அளந்து சொன்னவர் ஜோசப் பிளாக் என்ற ஸ்காட்லாந்துக்காரர், 1760களின் தொடக்கத்தில், கிளாஸ்கோவில். அவர் வாதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பனிக்கட்டி 0 டிகிரியை எட்டியதும் கொஞ்சம் வெப்பம் பட்டாலே தண்ணீராகிவிடும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்கள். அப்படியானால் குளிர்காலம் முடிந்து வெயில் தலைகாட்டியதும் மலைமேல் கிடக்கும் பனி முழுக்க ஒரே மூச்சில் உருகி ஊரையே அடித்துக்கொண்டு போயிருக்கவேண்டுமே? போகவில்லை. வாரக்கணக்கில் கசிந்துதானே உருகுகிறது? அப்படியென்றால் உருகுவதற்கென்று தனியாக நிறைய வெப்பம் வேண்டியிருக்கிறது. மேட்டூரில் ஒரேயடியாகத் திறந்துவிட்டால் கொள்ளிடக்கரை என்ன பாடுபடும் என்று தெரிந்த நமக்கு இந்த வாதத்தை விளக்கிச் சொல்லவேண்டியதில்லை.

படிப்பு ஏறாமல், என் முதல் வேலை நாகப்பட்டினம் பக்கம் ஒரு ஐஸ் பேக்டரியில். விசைப்படகுகளுக்கு ஐஸ் பார் போடுகிற இடம். பெரிய தொட்டி நிறைய உப்புத் தண்ணீர், அம்மோனியா மெஷின் அதை 0 டிகிரிக்கும் கீழே இறக்கி வைத்திருக்கும். உப்பு இருப்பதால் உறையாது. அதில் நல்ல தண்ணீர் நிரப்பிய தகரக் கேன்களை வரிசையாக இறக்குவோம். சுவரோரம்தான் முதலில் உறையும். பிறகு உள்நோக்கி ஒவ்வொரு விரற்கடையாக வரும். தண்ணீரில் கரைந்திருந்த காற்றுக்கு ஐஸில் இடமில்லை, அது நடுவை நோக்கித் தள்ளப்பட்டுக்கொண்டே போய்க் கடைசியில் அங்கேயே மாட்டிக்கொள்ளும். ஐஸ் பாரின் ஓரம் கண்ணாடி மாதிரியும் நடு வெள்ளையாகவும் இருப்பதற்கு அதுதான் காரணம்.

அங்கேயும் எனக்கு அவசரம்தான். தண்ணீர் மளமளவென்று 0 டிகிரிக்கு வந்துவிடும், சரி, ஆச்சு என்று நினைப்பேன். அப்புறம் மணிக்கணக்கில் அங்கேயே நிற்கும். மேஸ்திரி சிரிப்பார். "தம்பி, சில்லுன்னு ஆக்குறது சும்மா. கட்டியாக்குறதுதான் வேல." அவர் சொன்னதற்கு எண் இருக்கிறது. 0 டிகிரித் தண்ணீரை 0 டிகிரி ஐஸாக்க, கிராமுக்கு 80 கலோரி எடுக்கவேண்டும். 80 டிகிரி வெந்நீரைச் சில்லென்று 0 டிகிரிக்குக் கொண்டுவர எவ்வளவு எடுக்கவேண்டுமோ அவ்வளவு. படகில் மீன்மேல் கொட்டுகிறபோது ஐஸ் அதே 80ஐ மீனிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. வெறும் குளிர்ந்த தண்ணீரில் மீனைப் போட்டு நாலு நாள் கடலில் இருந்துவிட்டு வந்தால் கரையில் நிற்கமுடியாது, அவ்வளவு நாறும்.

அங்கிருந்துதான் ஏசி வேலைக்கு வந்தேன். மெஷினுக்குள் ஓடுகிற 'கேஸ்' என்னவோ குளிர்ச்சிப் பொடி மாதிரியும், அதை வருஷாவருஷம் ஊற்றவேண்டும் என்றும் ஜனங்கள் நினைக்கிறார்கள். நினைக்கவைத்தவர்களும் எங்கள் ஆட்கள்தான், மறுக்கமாட்டேன். குழாய் ஓட்டை இல்லையென்றால் கேஸ் குறையவே குறையாது. என் சொந்தத் தங்கை வீட்டிலேயே ஒருவர் மூன்று கோடைக்கு மூன்று தடவை கேஸ் அடித்துக் காசு வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். நான் போய்ப் பார்த்தால் பில்டரில் ஒரு தலையணைக்கு ஆகும் பஞ்சு.

அந்தக் கேஸ் செய்வதும் அப்பாயியின் அண்டா வேலைதான். இப்போது வருகிற மெஷின்களில் ஆர்-32. திறந்த வெளியில் அது மைனஸ் 52 டிகிரியிலேயே கொதித்துவிடும். பத்து மடங்கு அழுத்தத்தில் அடைத்துவைத்தால் 8 டிகிரி வாக்கில் கொதிக்கும். இன்டோர் காயிலுக்குள் நடப்பது அந்தக் கொதிப்புதான். கொதிக்க வெப்பம் வேண்டுமே, அதை அறைக்காற்றிடமிருந்து பிடுங்கிக்கொள்ளும். அந்த ஆவியை கம்ப்ரசர் முப்பது மடங்கு அழுத்தத்துக்கு நெருக்கி மாடிக்கு அனுப்பினால், அங்கே 50 டிகிரியிலேயே திரும்பத் திரவமாகி, சுமையை வெயிலில் இறக்கிவிட்டு வரும். உங்கள் படுக்கையறையில் ராத்திரி முழுக்க ஒரு உலை கொதித்துக்கொண்டிருக்கிறது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டேன் என்கிறார்கள்.

டெல்டாவில் இன்னொரு சிக்கல், காற்றில் இருக்கிற தண்ணீர். ஆனி, ஆடியில் மேலக்காற்று அடிக்கும்போது மண்பானைத் தண்ணீர் ஜில்லென்று இருக்கும், பானையின் வேர்வை உடனுக்குடன் ஆவியாகி வெப்பத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடும். அதே பானை ஐப்பசியில் வெறும் பானை. காற்று ஏற்கெனவே நனைந்திருக்கும்போது எங்கே ஆவியாவது? கடற்கரையோரத்து ஆட்கள் விளம்பரத்தைப் பார்த்து ஏர்கூலர் வாங்கிவிட்டு, துணியெல்லாம் நமுத்துப்போகிறது என்று எனக்கு போன் பண்ணுவார்கள். நான் என்ன செய்ய? வடநாட்டு வறண்ட ஊர்ச் சரக்கு அது.

ஏசி வைத்தால் அந்த ஈரத்தையும் சேர்த்து எடுத்தாகவேண்டும். குளிர்ந்த காயிலில் அறையின் ஈரம் படிந்து தண்ணீராகி, ட்ரெயின் குழாய் வழியாக வாளியில் சொட்டுகிறது. ஒவ்வொரு லிட்டர் சொட்டுக்கும் பின்னால் சுமார் 0.68 யூனிட் அளவுக்கு வெப்பம் இருக்கிறது. காற்று ஒரு டிகிரிகூடக் குறையாமலே மெஷின் இவ்வளவு வேலை செய்திருக்கும். "24ல வச்சும் சரியா குளிரலயே" என்று மழைக்காலத்தில் புலம்புகிறவர்களிடம் வாளியைத்தான் காட்டுகிறேன்.

இதே கணக்கு தலைகீழாக வருகிற இடம் நேரடி கொள்முதல் நிலையம். நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்கமாட்டார்கள். குறுவை அறுக்கும்போது மழை பிடித்துக்கொள்ளும், 22 காட்டும். "அஞ்சு பாயின்டுதானே, ரெண்டு வெயிலு பட்டா போச்சு" என்பார்கள். போகாது. 40 கிலோ மூட்டையை 22லிருந்து 17க்கு இறக்க 2.4 லிட்டர் தண்ணீர் வெளியேறவேண்டும். அதை ஆவியாக்க, குறைந்தது 1.6 யூனிட் வெப்பம். நூறு மூட்டை என்றால் 160 யூனிட். அத்தனையையும் கொடுக்கவேண்டியவர் சூரியன், அவரோ மேகத்துக்குப் பின்னால். தார்ரோட்டில் நெல்லைக் கொட்டி, தார்ப்பாயை விரிப்பதும் சுருட்டுவதுமாக ஒருவர் ராப்பகலாக நின்றால், அவர் சோம்பேறித்தனமாகக் காயவைக்காமல் விட்டவர் இல்லை. கிராமுக்கு 540 சொச்சத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். கார் கண்ணாடியை இறக்கித் திட்டுகிறவர்களுக்கு இது தெரிந்தால் தேவலை.

சுவாமிமலையில் சிலை வார்க்கிற பட்டறை ஒன்றில் ஒரு தடவை பிரிட்ஜ் பார்க்கப் போய், வார்ப்பைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். மெழுகில் சிலை செய்து, அதன்மேல் காவிரி வண்டல் பூசி, சூடு காட்டி மெழுகை உருக்கி ஓடவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகம் ஊற்றுகிறார்கள். செம்பு உருக 1,085 டிகிரி வேண்டும். பித்தளைக்குள் இருக்கும் துத்தநாகம் 907லேயே கொதித்துவிடும். அதனால்தான் உருகிய செம்பில் பித்தளையைப் போட்டதும் குபீரென்று வெள்ளைப் புகை கிளம்புகிறது. துத்தநாகம் ஆவியாகிக் காற்றில் எரிகிறது. மண் அச்சை ஏன் அத்தனை நேரம் சுட்டுக்கொண்டே இருக்கிறீர்கள் என்று கேட்டேன். ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் உலோகத்தைத் திருப்பித் துப்பிவிடும் என்றார்கள். தண்ணீர் ஆவியானால் 1,600 மடங்குக்கு மேல் இடம் கேட்கும், அச்சுக்குள் ஏது இடம்? எனக்கு என் மணிக்கட்டு குறுகுறுத்தது.

பெரியவர் வீட்டிலிருந்து வந்ததிலிருந்து ஒரே அரிப்பு, அந்த எல்லைக்கோட்டைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்று. இந்த மாசியில் அம்மா பொங்கலுக்கு அப்புறம் வந்த சம்பா நெல்லில் இரண்டு மூட்டையை அவிக்கப் போவதாகச் சொன்னாள். எல்லாரும் மில்லுக்கு அனுப்புகிற காலத்தில், வீட்டு அரிசிச் சோறுதான் வேண்டும் என்று அவளுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை பிடிவாதம் வரும். நான் ஏசிக்கு வைக்கிற டிஜிட்டல் தெர்மாமீட்டர் மூன்றை எடுத்துக்கொண்டு போனேன். ஒயரின் முனையை ஒன்று அண்டாவின் அடி நெல்லில், ஒன்று நடுவில், ஒன்று சாக்குக்கு ஒரு சாண் கீழே புதைத்துவைத்தேன்.

"என்னடா இது, நெல்லுக்குக் குளுக்கோஸ் ஏத்துறியா?" என்றாள் அம்மா.

அடியில் இருந்தது சீக்கிரமே 99க்கு வந்து நின்றுவிட்டது. நடுவில் 34. மேலே 31. நான் மட்டையைத் திணிக்கவில்லை, பொறுமையாக உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் நடு முனை அசையவே இல்லை. திடீரென்று 38, 47, 63 என்று ஓடி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே 98க்குப் போய் நின்றது. மேலே அப்போதும் 33தான். ஒரு சாண், ஒன்றரைச் சாண் தூரத்துக்குள் அத்தனை வித்தியாசம். கோடு நடுவைத் தாண்டிவிட்டது.

மேல் முனைக்காகக் காத்திருந்தேன். 35. 36. போனை எடுத்துப் படம் பிடிக்கத் தயாராக வைத்துக்கொண்டேன். அம்மா மாட்டுக்கு வைக்கோல் போட்டுவிட்டு வந்தவள், காற்றை ஒரு தடவை முகர்ந்துவிட்டு, உள்ளங்கையைச் சாக்கின் மேல் வைத்தாள். அப்படியே அப்பாயி நிற்பது மாதிரி.

"எரிக்கிறத வெளிய இழு. வந்துடுச்சு."

"இன்னும் 41தான்மா காட்டுது."

அவள் பதில் சொல்லாமல் குனிந்து எரிகிற மட்டைகளை வெளியே இழுத்து, மண்ணை அள்ளிப் போட்டாள். நிமிர்வதற்குள் மேல் முனை 90ஐத் தாண்டிவிட்டது. சாக்கை ஓரமாக விலக்கிப் பார்த்தால் நெல்லெல்லாம் வாய் பிளந்திருந்தது.